உறைபெட்டிகளைக் காலி செய்யும் முன்: ஆய்வு நிதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆய்வு நிதிக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

இயற்கைச் சூழலில் வாழும் உயிரினங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் பரிணாம ஆய்வுகளுக்கு இனி நிதி இல்லை என்றும், மூன்றாண்டுக்குள் முடியக்கூடிய, கிடைக்கப்போகும் முடிவு இன்னதென்று விண்ணப்பத்திலேயே எழுதிக் காட்டக்கூடிய திட்டங்கள் மட்டுமே பரிசீலிக்கப்படும் என்றும் நீங்கள் நிறைவேற்றிய தீர்மானம் சென்ற மாதம் எங்கள் கைக்கு வந்தது. நிதி நிறுத்தப்பட்ட திட்டங்களின் மாதிரிகள் உள்ள உறைபெட்டிகளை ஆண்டு முடிவதற்குள் காலி செய்து ஒப்படைக்க வேண்டும் என்ற உத்தரவு அதன் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. இவ்விரண்டையும் ஏற்க முடியாது என்பதைச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன். தனிப்பட்ட முறையில் அனுப்பிய இரண்டு கடிதங்களுக்குப் பதில் வராத நிலையில் இதைப் பொதுவில் வைக்கிறேன்.

ஒரே பாறைச் சரிவில் வாழும் ஒரே பல்லி இனத்தை 22 ஆண்டுகளாக நான் அளந்து வருகிறேன். இந்த வேலையை உங்கள் தீர்மானம் “கண்காணிப்பு, ஆய்வு ஆகாது” என்று வகைப்படுத்தியிருக்கிறது. இதை எழுதியவர் ஒருநாளேனும் எங்களோடு சரிவில் ஏறியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். ஆகவே நாங்கள் செய்வது என்ன என்பதையே முதலில் சொல்கிறேன்.

வெயில் ஏறிப் பாறை சூடாகி, பல்லிகள் வெளியே வந்து குளிர் காயும் நேரம் பார்த்து நாங்கள் புறப்படுவோம். நீண்ட கழியின் முனையில் மெல்லிய நூலால் ஒரு சுருக்குக் கட்டியிருக்கும். அதைத் தலைக்கு மேல் மெதுவாகக் கொண்டுபோனால் பல்லி பெரும்பாலும் நகராது. மனித உருவம் நெருங்கினால்தான் ஓடும். சுருக்கு கழுத்தில் விழுந்ததும் கையில் எடுத்து, உடல் நீளம், பின்னந்தொடை, கீழ்க்கால், நீண்ட விரல் என ஒவ்வொன்றையும் வெர்னியர் காலிப்பரால் மூன்று முறை அளக்கிறோம். வால் நுனியில் எள்ளளவு திசு எடுத்து எத்தனால் நிரப்பிய சிறு குப்பியில் இடுகிறோம். குப்பிக்குள் போடும் சீட்டில் எண்ணைப் பென்சிலால்தான் எழுத வேண்டும், ஏனெனில் பேனா மை எத்தனாலில் கரைந்துபோகும். இதைத் தெரிந்துகொள்ள நான் முதலாண்டில் ஒரு தட்டு நிறையக் குப்பிகளை இழந்தேன். அளந்து முடித்த பல்லியை எண்ணிட்டு, அது பிடிபட்ட அதே பாறையில் விடுகிறோம். அடுத்த ஆண்டு அதே எண் மறுபடியும் கையில் கிடைத்தால் அது பிழைத்திருக்கிறது. கிடைக்காவிட்டால், அதற்கடுத்த ஆண்டும் தேடிப் பார்த்த பிறகே இறந்ததாகக் கணக்கில் கொள்கிறோம். எந்தக் குஞ்சு எந்தத் தாய் தந்தைக்குப் பிறந்தது என்பதை வால் நுனியின் டிஎன்ஏ சொல்கிறது. யார் பிழைத்தார்கள், யாருக்கு எத்தனை வாரிசுகள், அந்த வாரிசுகள் பெற்றோரை எந்த அளவில் ஒத்திருக்கின்றன ஆகிய மூன்றையும் சேர்த்து அறிந்தால்தான் இயற்கைத் தேர்வு நடந்ததா, அதன் விளைவு அடுத்த தலைமுறைக்குச் சென்றதா என்று சொல்ல முடியும். இதற்கு ஆய்வு என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாண்டு வரம்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை என் சொந்தத் தவறிலிருந்தே சொல்ல முடியும். எங்கள் ஆய்வின் முதல் மூன்றாண்டுகளும் வறண்டவை. சரிவில் இருந்த புதர்கள் கருகிப் பாறை வெட்டவெளியானது. ஓடித் தப்ப வேண்டிய அந்த நிலையில், பின்னங்கால் நீண்ட பல்லிகளே கூடுதலாகப் பிழைத்தன, அவற்றின் குஞ்சுகளும் நீண்ட கால்களோடு பிறந்தன. மூன்றாம் ஆண்டு இறுதியில் நான் தந்த அறிக்கையில், இந்த இனம் நீண்ட கால்களை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது என்று உறுதியாக எழுதினேன். கணக்கில் பிழை இல்லை, அளவுகளிலும் பிழை இல்லை, மதிப்பீட்டாளர்களும் பாராட்டினார்கள். ஐந்தாம் ஆண்டு மழை வந்தது, ஆறாம் ஆண்டும் வந்தது. பாறை இடுக்குகளிலிருந்து செடிகள் எழுந்து சரிவை மூடின, பல்லிகள் கிளைகளில் ஏறின. மெல்லிய கிளையில் நீண்ட கால் தடுமாறும், குட்டையான கால்தான் பிடிமானம் தரும். ஒன்பதாம் ஆண்டில் சராசரிக் கால் நீளம் நாங்கள் தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருந்தது. அன்று எனக்கு மூன்றாண்டு நிதி மட்டும் கிடைத்திருந்தால், தவறான ஒரு முடிவு என் பெயரில் நிலைத்திருக்கும், அதைத் திருத்த ஆளும் இருந்திருக்காது.

இது எங்கள் சரிவுக்கு மட்டும் நேர்ந்த விபத்து அன்று. காலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னி மேஜர் என்னும் சிறு தீவில் உயிரியலாளர் தம்பதியரான பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் 1973ஆம் ஆண்டு தொடங்கி 40 ஆண்டுகள் குருவிகளை அளந்தார்கள். 1977ஆம் ஆண்டின் வறட்சியில் மென்மையான சிறு விதைகள் தீர்ந்துபோக, நெருஞ்சி இனத்துச் செடியின் முள் நிறைந்த கடினமான காய்களே மிஞ்சின. நடுத்தரத் தரைக்குருவி என்னும் இனத்தில் சுமார் 85 விழுக்காடு மடிந்தன. அந்தக் காய்களை உடைக்கும் வலுவுள்ள தடித்த அலகுக் குருவிகளே பெரும்பாலும் எஞ்சின, அவற்றின் குஞ்சுகளின் அலகு முந்தைய தலைமுறையைவிடச் சுமார் 4 விழுக்காடு தடித்திருந்தது. டார்வினே கண்ணால் காண இயலாத அளவு மெதுவானது என்று கருதிய இயற்கைத் தேர்வு, மனிதர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிகழ்ந்து முடிந்தது. அவர்கள் அத்தோடு மூட்டை கட்டியிருந்தால் பாடநூல்களில் இன்று பாதிக் கதைதான் இருந்திருக்கும். 1983ஆம் ஆண்டின் எல் நினோ பெருமழை தீவைச் சிறு விதைகளால் நிரப்பியது, அடுத்துவந்த வறண்ட காலத்தில் தேர்வு சிறிய அலகின் பக்கம் திரும்பியது. பெரிய தரைக்குருவி என்னும் வேறோர் இனம் 1982ஆம் ஆண்டு அத்தீவில் குடியேறி மெல்லப் பெருகியிருந்தது. 2003ஆம் ஆண்டு தொடங்கிய வறட்சியில் அந்தப் புதிய போட்டியாளர் கடினமான காய்களைத் தின்று தீர்த்தது, அதனால் இம்முறை அதே நடுத்தரக் குருவிகளில் தடித்த அலகுடையவை அதிகம் மடிந்தன. ஒரே தீவு, ஒரே இனம், வறட்சியும் மறுபடி வறட்சிதான். ஆனால் விளைவு நேர்மாறானது. 1977ஐ மட்டும் கண்டவர் 2004ஐக் கணித்திருக்கவே முடியாது.

இதே தீவில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1981ஆம் ஆண்டு ஒற்றை ஆண் குருவியொன்று வேறொரு தீவிலிருந்து வந்து சேர்ந்தது. அது அதே தீவுக்கூட்டத்தின் எஸ்பஞோலா தீவைச் சேர்ந்தது, 100 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வந்தது என்பது பின்னாளில் டிஎன்ஏவால் உறுதியாயிற்று. உள்ளூர்க் குருவியோடு அது இணைந்து உண்டான வழித்தோன்றல்கள் சில தலைமுறைகளிலேயே தங்களுக்குள் மட்டும் இணையும் தனிப் பரம்பரையாகப் பிரிந்தன. இந்த ஆய்வு 2017ஆம் ஆண்டு வெளியானது. ஒரு பறவை வந்திறங்கியதற்கும் அதன் பொருள் முழுமையாகப் புரிந்ததற்கும் இடையே 36 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. உங்கள் விதியின்படி 1984ஆம் ஆண்டிலேயே அந்தக் குறிப்பேடு மூடப்பட்டிருக்கும்.

அடுத்து, கிடைக்கப்போகும் முடிவை முன்கூட்டியே எழுத வேண்டும் என்ற நிபந்தனை. அமெரிக்க உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஈ. கோலி பாக்டீரியாவை 12 குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். நாள்தோறும் ஒவ்வொரு குடுவையிலிருந்தும் நூறில் ஒரு பங்கை எடுத்துப் புதிய கரைசலில் இடுவது, 500 தலைமுறைக்கு ஒருமுறை ஒரு பகுதியை உறைய வைத்துச் சேமிப்பது, இவ்வளவுதான் வேலை. அந்தக் கரைசலில் தொடக்கத்திலிருந்தே சிட்ரேட் என்னும் வேதிப்பொருள் இருந்தது. ஆக்சிஜன் உள்ள இடத்தில் ஈ. கோலியால் அதை உண்ண முடியாது. சுமார் 31,500 தலைமுறைகள் கடந்தபின், 12 குடுவைகளில் ஒன்றில் மட்டும், சிட்ரேட்டை உண்ணும் பாக்டீரியா தோன்றியது. 2003ஆம் ஆண்டு ஒருநாள் அந்தக் குடுவை மற்றவற்றைவிடக் கலங்கிக் காணப்பட்டதே முதல் தடயம். தொடங்கி 15 ஆண்டுகளுக்குப் பிறகு நிகழப்போவதை 1988இல் எந்த விண்ணப்பத்தில், எந்தக் கட்டத்தில் நிரப்பியிருக்க முடியும்?

அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் இரண்டாம் பக்க உத்தரவோடு நேரடியாகத் தொடர்புடையது. அந்தத் திறன் ஒரே அடியில் வந்ததா, படிப்படியாக வந்ததா என்ற கேள்வி எழுந்தபோது, ஆய்வாளர்கள் உறைபெட்டியைத் திறந்து பழைய தலைமுறைகளை உயிர்ப்பித்து மறுபடியும் வளர்த்துப் பார்த்தார்கள். 20,000 தலைமுறைக்குப் பிந்தைய மூதாதைகளிடமிருந்து மட்டுமே அத்திறன் மீண்டும் தோன்றியது. அதற்கு முந்தையவற்றிலிருந்து தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரியாத முன்னோடி மாற்றங்கள் இடையில் நிகழ்ந்திருந்தன என்பது அதனால் தெளிவாயிற்று. வரலாற்றின் ஒரு புள்ளிக்குத் திரும்பிச் சென்று அங்கிருந்து மறுபடியும் ஓடவிட்டுப் பார்க்கும் வசதி வேறெந்தக் கருவியாலும் கிடைக்காது. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றில் ஆய்வகம் மூடப்பட்டபோதும் அந்தச் சோதனை அழியாமல் பின்னர் தொடர முடிந்ததற்கு உறைந்த மாதிரிகளே காரணம்.

காலி செய்யப் பணித்திருக்கும் பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று தயவுசெய்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கிராண்ட் தம்பதியர் 1988ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு குருவியிடமும் ஒரு துளி இரத்தம் எடுத்து வைத்தார்கள். முழு மரபணுத் தொகுப்பையும் படிக்கும் தொழில்நுட்பம் அன்று இல்லை. 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் ஏறத்தாழ 4,000 குருவிகளின் மரபணுத் தொகுப்புகள் படிக்கப்பட்டன. நடுத்தரத் தரைக்குருவியின் அலகளவில் காணும் வேறுபாட்டில் 45 விழுக்காட்டை வெறும் 6 மரபணு இடங்கள் விளக்குகின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. துளிகளைச் சேகரித்தவர்கள் அந்தக் கேள்வியையே அன்று கேட்டிருக்க முடியாது. தென் கலிபோர்னியாவில் 1997ஆம் ஆண்டு யாரோ எடுத்து வைத்த காட்டுக் கடுகின் விதைகள் இல்லாதிருந்தால், நீண்ட வறட்சிக்குப் பின் 2004ஆம் ஆண்டு சேகரித்த விதைகளோடு அவற்றை ஒரே சூழலில் விதைத்து, சில ஆண்டு வறட்சியிலேயே அந்தச் செடி முந்திப் பூக்கும்படி பரிணமித்திருக்கிறது என்று காட்டியிருக்க முடியாது. ஐரோப்பாவின் கான்ஸ்டன்ஸ் ஏரியின் அடிச் சேற்றில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்த டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளின் முட்டைகளைப் பொரிக்க வைத்துத்தான், ஏரி மாசடைந்த பின் நச்சு நீலப்பச்சைப் பாசியைத் தாங்கும் திறன் அதற்கு எப்படிக் கூடியது என்று அறிந்தார்கள். அங்கே சேறு தானாகவே சேமித்து வைத்திருந்தது. என் பல்லிகளுக்குச் சேறு இல்லை; 22 தட்டுக் குப்பிகள்தான் இருக்கின்றன. பென்சில் எழுத்துகள் இன்றும் அழியவில்லை. அவற்றைக் குப்பையில் கொட்டச் சொல்லும் கையொப்பம் உங்களுடையதாக இருக்க வேண்டாம் என்று மன்றாடுகிறேன்.

மூன்றாண்டு என்ற கணக்கு உயிர்களின் காலத்தோடு ஒட்டவும் இல்லை. 2023ஆம் ஆண்டு வெளியான ஓர் ஈஸ்ட் சோதனையில் நாளுக்கு ஒன்றாக ஏறத்தாழ 600 சுற்றுகளில், அதாவது சுமார் 3,000 தலைமுறைகளில், நுண்ணிய செல் கொத்துகள் 20,000 மடங்கு பெருத்துக் கண்ணால் காணும் அளவுக்கு வந்தன. ஈஸ்டுக்கு இரண்டாண்டு போதும், அந்த ஆய்வுக்கு நிதி தருவது சரி. என் பல்லிக்கு மூன்றாண்டு என்பது ஓரிரு தலைமுறை. யானைக்கு அது ஒரு கன்று வளர்ந்து முடியாத காலம். பரிணாமத்தைத் தலைமுறைகளால் அளக்க வேண்டியிருக்க, எல்லா உயிர்களையும் ஒரே நாட்காட்டியில் அடைத்து, அதில் அடங்காதவற்றை ஆய்வு ஆகாது என்பது நியாயமன்று.

இந்த ஆய்வுகளுக்குப் பயன் என்ன என்று உங்கள் குழுவில் ஒருவர் எங்கள் சக ஆய்வாளரிடம் கேட்டதாக அறிந்தேன். கேட்கத் தக்க கேள்விதான், அதனால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். வெப்பம் ஏறும் உலகில் ஓர் உயிரினம் தன் வாழ்க்கையின் நேரங்களை மாற்றிக்கொண்டால், அது இரண்டில் ஒரு வழியில் நிகழலாம். தனித்தனி உயிரிகள் தம் உடலின் நெகிழ்திறனால் சூழலுக்கேற்பச் சரிசெய்துகொள்வது ஒன்று. மரபணுக்களின் விகிதமே தலைமுறைதோறும் மாறுவது மற்றொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் நெகிழ்திறனுக்கு ஓர் எல்லை உண்டு. அதை மட்டும் நம்பியிருக்கும் இனம், எல்லை வரும்வரை நலமாக இருப்பதாகவே தோன்றி, பிறகு சரிந்துவிடலாம். இங்கிலாந்தின் வைத்தம் காட்டில் பட்டாணிக் குருவி இனமொன்றை 1947ஆம் ஆண்டிலிருந்து கூட்டுப்பெட்டிகளில் கவனித்து வருகிறார்கள். அவை முட்டையிடும் நாள் ஏறத்தாழ இரண்டு வாரம் முந்திவிட்டது. அதற்குப் பெரும்பாலும் தனிப் பறவைகளின் நெகிழ்திறனே காரணம் என்று 2008ஆம் ஆண்டு காட்டினார்கள். அதே பறவை நெதர்லாந்தின் ஹோகே வேலுவே காட்டில் அவ்வளவு முந்தவில்லை. குஞ்சுகளுக்கு இரையாகும் கம்பளிப்புழுக்கள் முன்னதாகவே பெருகி முடிந்துவிடுவதால் பசி நேரமும் இரை நேரமும் பொருந்தாமல் போயின. மரபணுக்களே மாறும் மற்றொரு வழியையும் கண்டிருக்கிறார்கள். வட அமெரிக்காவில் பூச்சியுண்ணும் குடுவைத் தாவரத்தின் நீருக்குள் வளரும் கொசு, இலையுதிர் காலத்தில் எந்தப் பகல் நீளத்தைக் கண்டு உறக்கநிலைக்குச் செல்கிறது என்பது 1972க்கும் 1996க்கும் இடையில் மரபணு அளவிலேயே மாறிவிட்டது. ஐரோப்பாவின் ஈப்பிடிப்பான் பறவையினம் ஒன்றின் குஞ்சுகளை ஒரே மாதிரியான சூழலில் 1981ஆம் ஆண்டும் 2002ஆம் ஆண்டும் வளர்த்துப் பார்த்தபோது, அவற்றின் உள் நாட்காட்டியே ஒரு வாரத்துக்கும் மேல் முந்தியிருந்தது. எந்த இனம் எந்த வழியில் செல்கிறது என்று தெரியாமல் எந்த இனத்துக்கு எப்போது உதவ வேண்டும் என்று முடிவெடுக்க முடியாது. பாதுகாப்புத் துறைகள் எங்களிடம் கேட்பதும் இதைத்தான்.

தகவமைந்துவிட்டது என்றால் நல்லதுதானே என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கின் கொரொங்கோசா தேசியப் பூங்காவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காகக் கொல்லப்பட்டு யானைகள் பத்தில் ஒன்றாகவும் அதற்குக் கீழாகவும் குறைந்தன. போருக்கு முன் தந்தமற்ற பெண் யானைகள் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. போரில் பிழைத்த பெண் யானைகளிலோ அவை ஏறத்தாழப் பாதி. 2021ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, அந்தத் தன்மைக்குக் காரணமான மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதைப் பெறும் ஆண் கருக்கள் பிழைப்பதில்லை. உயிர் காத்த தகவமைப்பே அடுத்த தலைமுறையின் ஆண் கன்றுகளை விலையாகக் கேட்கிறது. போருக்கு முந்தைய பதிவுகள் இல்லாதிருந்தால் இந்த ஒப்பீடே இல்லை.

இவற்றையெல்லாம் கணினி மாதிரிகளாலும் மரபணு வாசிப்பாலும் ஈடுகட்டிவிடலாம் என்று தீர்மானம் கூறுகிறது. அந்தக் கணினி மாதிரிகளுக்குள் இடும் எண்கள் எங்கிருந்து வருகின்றன? 2022ஆம் ஆண்டு உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 19 பறவை, பாலூட்டிக் கூட்டங்களின் நீண்டகாலப் பதிவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். முன்பு எண்ணியதைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு வேகமாக அவை தகவமையக்கூடும் என்று அந்த ஆய்வு கண்டது. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் யாரோ பனியிலும் மழையிலும் குறிப்பேட்டோடு நின்றிருக்கிறார்கள். குறுகிய ஆய்வுகளை நான் குறைத்துப் பேசவில்லை. 2017ஆம் ஆண்டு கரீபியப் பகுதியின் டர்க்ஸ் அண்ட் கெய்கோஸ் தீவுகளில் அனோலிஸ் பல்லிகளை அளந்து முடித்த சில நாட்களில் இர்மா, மரியா என்னும் இரு புயல்கள் தாக்கின. ஆய்வாளர்கள் திரும்பிச் சென்று அளந்தபோது, பிழைத்த பல்லிகளுக்கு, பற்றிக்கொள்ள உதவும் விரல் திண்டுகள் பெரிதாக இருந்தன. வாரக்கணக்கில் முடிந்த அருமையான ஆய்வு அது. ஆனால் புயலுக்கு முன்பே ஒருவர் அங்கு அளந்து வைத்திருந்ததால் மட்டுமே அது இயன்றது. அடுத்த புயல் எங்கே, எந்த ஆண்டு என்று எவராலும் சொல்ல முடியாத நிலையில், அந்த முன் அளவை நல்வாய்ப்பின் பொறுப்பில் விட்டுவிடுவது முறையா?

இடைவெளி என்றால் என்ன என்பதை நாங்கள் ஏற்கெனவே ஒருமுறை பட்டு அறிந்திருக்கிறோம். ஆய்வின் பதினான்காம் ஆண்டில் நிதி ஒப்புதல் எட்டு மாதம் தாமதமாகி, ஒரு பருவம் முழுவதும் எங்களால் சரிவில் ஏற முடியவில்லை. அடுத்த ஆண்டு திரும்பியபோது எண்ணில்லாத, வயது தெரியாத, பெற்றோர் தெரியாத பல்லிகளே எங்கும் இருந்தன. எண்ணிட்டவற்றில் காணாமல் போனவை எந்த ஆண்டு இறந்தன என்பதை இன்றுவரை பிரித்தறிய முடியவில்லை. எங்கள் வம்சாவளி வரைபடத்தில் அந்த ஆண்டு வெறும் வெள்ளைப் பட்டையாகக் கிடக்கிறது. பிற்பாடு வந்த பணம் முழுவதையும் கொட்டினாலும் அந்தப் பட்டையை நிரப்ப முடியாது. அதே ஆண்டில் சம்பளம் இல்லாமல் விலகிய களப்பணியாளர் ஒருவர், தூரத்திலிருந்தே பல்லியின் நடையைப் பார்த்து அது ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடியவர். அவர் திரும்பவே இல்லை. ஓராண்டு நிறுத்தத்தின் விலை இது. நீங்கள் இப்போது ஆணையிட்டிருப்பது நிரந்தர நிறுத்தம்.

நிதி எல்லையற்றதன்று என்பதும், எல்லா நீண்டகால ஆய்வுகளும் தொடரத் தகுந்தவை ஆகிவிடா என்பதும் எனக்குத் தெரியும். மோசமாக நடக்கும் ஆய்வை மூடுங்கள், அது என்னுடையதாக இருந்தாலும் மூடுங்கள். ஆனால் பதிவுகளைப் படித்து, களத்தை நேரில் பார்த்து, தரத்தின் அடிப்படையில் அந்த முடிவுக்கு வாருங்கள். நீண்டது என்ற ஒரே காரணத்துக்காக வேண்டாம்.

ஆகவே குழுவிடம் நான் கேட்பவை இவை. உறைபெட்டிகளைக் காலி செய்யும் உத்தரவை உடனடியாக, மற்ற விவாதங்களுக்குக் காத்திராமல், நிறுத்தி வையுங்கள். மற்ற முடிவுகளைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், இதை மட்டும் மாற்றவே முடியாது. மாதிரிகளைப் பராமரிக்க எங்களுக்கு இடமில்லையென்றால், அவற்றை ஏற்க முன்வரும் அருங்காட்சியகத்துக்கோ வேறு ஆய்வகத்துக்கோ பதிவேடுகளோடு மாற்ற ஓராண்டு அவகாசமும் அதற்கான செலவும் தாருங்கள்.

மூன்றாண்டு வரம்பை அனைத்துக்கும் பொதுவாக வைக்காமல், ஆராயப்படும் உயிரினத்தின் தலைமுறைக் காலத்தைக் கணக்கில் கொண்டு காலவரையறை செய்யுங்கள். நீண்டகால ஆய்வுகளுக்கென்று மொத்த நிதியில் ஒரு சிறு பங்கைத் தனியே ஒதுக்கி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை கடுமையாக மதிப்பிட்டுப் புதுப்பியுங்கள். மதிப்பீடு நடக்கும் மாதங்களில் களப்பணி நிற்காதபடி இடைக்கால நிதி கிடைக்க வழி செய்யுங்கள். விண்ணப்பத்தில் எதிர்பார்க்கும் முடிவைக் கேட்கும் பகுதியில், நீண்டகால ஆய்வுகளைப் பொறுத்தவரை, எந்தக் கேள்விகளுக்கு விடை காணும் வகையில் பதிவுகள் அமைந்திருக்கின்றன என்று கேளுங்கள். களப்பணியாளர்களின் ஒப்பந்தம் திட்டத்தின் காலம் முழுவதற்கும் செல்லுபடியாகட்டும்.

இறுதியாக, இந்தத் தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யும் கூட்டத்துக்கு நீண்டகால ஆய்வு நடத்துவோர் சிலரையும் அழையுங்கள், அதற்கு முன் குழுவில் இருவரேனும் ஒருநாள் எங்கள் சரிவுக்கு வாருங்கள். அடுத்த அளவெடுப்புப் பருவம் தொடங்க இன்னும் ஏழு வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
22 ஆண்டுகளாகக் களத்தில் இருக்கும் ஒரு பரிணாம உயிரியல் ஆய்வாளர்